உட்கார முடியாத முன்சீப்

என் மாமனாரால் ஓரிடத்தில் அரைமணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார முடியாது. கல்யாணத்துக்கு முன்னால் இதை யாரும் எங்கள் வீட்டில் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் அப்பா கோர்ட்டில் முன்சீப், அதற்கு முன் பட்டாளத்தில் இருந்தவர், சீனாக்காரனோடு நடந்த சண்டையில் அடிபட்டுத் திரும்பியவர் என்றுதான் தரகர் சொன்னார். ராசிபுரத்தில் கல்யாணம் நடந்தபோது மேடைக்குப் பக்கத்தில் அவருக்கென்று போட்ட நாற்காலியில் அவர் உட்காரவே இல்லை. தூணில் கை வைத்து நின்றார். பந்தலுக்கு வெளியே போனார், வந்தார், மறுபடி நின்றார். சம்பந்திக்கு ஏதோ மரியாதைக் குறைவு நடந்துவிட்டதென்று என் சித்தப்பா பதறிப்போய் உள்ளே ஓடி வேறு நாற்காலி கொண்டுவந்தார். அதிலும் உட்காரவில்லை. தாலி ஏறியதும் நான் நிமிர்ந்து பார்த்தபோது எதிரில் தெரிந்தது அவருடைய வியர்த்த முகம்தான். கோபக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் நடுவில் அது. அப்போது அவர் அரூரில் முன்சீப்பாக இருந்தார். என் கணவருக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. இன்னும் சிலரோடு ஓர் அறையில் தங்கியிருந்தார். குடும்பத்துக்கு ஏற்ற வீடு அங்கே கிடைக்கிறவரை நான் அரூரில் மாமனார் மாமியாரோடு இருப்பது என்று பேச்சு. அந்தக் "கிடைக்கிறவரை" ஒன்றரை வருஷத்துக்கும் மேலாக நீண்டது. சனிக்கிழமை மாலை கணவர் பஸ்ஸில் வந்து இறங்குவார். திங்கட்கிழமை விடியும்போது இருக்கமாட்டார். மற்ற நாட்களில் நான் கூடத்துக்கும் கொல்லைக்கும் நடுவே அலைந்துகொண்டிருப்பேன். பி.ஏ. முடித்திருந்தேன். வேலைக்குப் போகவும் இல்லை, வீட்டு வேலை முழுதாக என் கைக்கு வரவும் இல்லை. எதை எடுத்தாலும் பாதியில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நிற்பேன்.

வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில். சேலம் பஸ், திருவண்ணாமலை பஸ் எது கிளம்பினாலும் ஹாரன் சத்தம் சமையலறை வரை கேட்கும். அதைவிட அதிகம் கேட்டது மாமாவின் நடை. ஒரு கால் அழுந்தி விழும். இன்னொன்று தரையைத் தொட்டும் தொடாமலும் பின்னால் வரும். காலையில் பேப்பர் படிப்பது நின்றபடி, சாப்பிடுவது அலமாரித் தட்டில் தட்டை வைத்து நின்றபடி, தீர்ப்பு எழுதுவது ஜன்னல் திண்டில் பேப்பரை வைத்து நின்றபடி. இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் ஓர் இரும்புத் துண்டு இன்னும் உள்ளேயே இருக்கிறது, நரம்பை ஒட்டி இருப்பதால் டாக்டர்கள் தொடாமல் விட்டுவிட்டார்கள் என்று கணவர் ஒருமுறை சொன்னார். உட்கார்ந்தால் முதலில் கால் மரத்துப்போகும், அப்புறம் தொடையிலிருந்து தீ வைத்தமாதிரி எரியும். அந்தக் காலை வைத்துக்கொண்டுதான் அவர் சென்னையில் சட்டம் படித்து, மேட்டூரில் வக்கீல் தொழில் பார்த்து, பரீட்சை எழுதி முன்சீப் ஆனார். சண்டையைப் பற்றி வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால் எழுந்துபோய்விடுவார். அவர் எழுந்துபோவது எப்போதும் நடக்கிற காரியம் என்பதால் கேட்டவருக்குக்கூட அது பதில் என்று தெரியாது.

நான் கர்ப்பமானதும் லேடி டாக்டர் தினமும் கொஞ்சம் நடக்கச் சொன்னார். மாமியாருக்கு முட்டி வலி. தெருமுனையோடு திரும்பிவிடுவார். மாமா சாயங்காலம் எப்படியும் தீர்த்தமலை ரோட்டில் வெகுதூரம் நடப்பவர். மாமியார் கொஞ்சம் யோசித்தார். மாமனாரும் மருமகளும் ரோட்டில் சேர்ந்து நடந்தால் பார்க்கிறவர்கள் என்ன பேசுவார்கள் என்ற யோசனை. கடைசியில், "அவரு முன்னால போகட்டும், நீ பின்னால போ கண்ணு" என்றார். அப்படித்தான் நடந்தோம். பத்தடி முன்னால் அவர், பின்னால் நான். புளியமரங்கள் முடிந்து மரவள்ளிக் காடு தொடங்குகிற இடம் வந்தால் ரோட்டில் ஆள் நடமாட்டம் இருக்காது. அங்கே அவர் நின்று, நான் வந்து சேர்ந்ததும் பக்கத்தில் நடப்பார். பேச்சு பெரும்பாலும் கோர்ட்டைப் பற்றித்தான். எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் நாளிலேயே மூச்சுவிடுகிற நேரம். அவருக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

எனக்கு நாலாம் மாசம் முடிகிற சமயத்தில் அவர்மேல் ஒரு புகார் போயிற்று. பெயர் போடாத புகார். மாவட்ட நீதிபதிக்கு எழுதியிருந்தார்கள். முன்சீப் ஆசனத்தில் உட்காராமல் அடிக்கடி எழுந்து நிற்கிறார், மேடையில் உலாத்துகிறார், சாட்சி சொல்பவர்களை மிரட்டுவதுபோல் நிற்கிறார், கோர்ட்டுக்குரிய கண்ணியம் கெடுகிறது என்று. மேலிடம் அவரிடம் விளக்கம் கேட்டது. வீட்டில் அவர் இதை யாரிடமும் சொல்லவில்லை. எழுந்து நடப்பது மட்டும் அதிகமாயிற்று. கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து ஒருநாள் வாசல்படியில் கால் இடறிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் மரவள்ளிக் காட்டருகே நின்று என்னிடம் சொன்னார்.

காலில் காயம் என்று எழுதிவிட்டால் முடிந்துபோகுமே என்றேன். அவர் தலையசைத்தார். வேலையில் சேரும்போது உடம்பு தகுதியாக இருக்கிறது என்று அவருக்கு டாக்டர் சர்டிபிகேட் கொடுத்திருக்கிறார். அப்போது கால் இவ்வளவு மோசம் இல்லை. இப்போது உட்கார முடியவில்லை என்று அவரே எழுதினால், உட்கார முடியாதவருக்கு நீதிபதி வேலை எதற்கு என்ற கேள்வி வரும். மெடிக்கல் போர்டுக்கு அனுப்புவார்கள். எழுதாவிட்டால் கண்ணியக் குறைவு என்ற குற்றச்சாட்டு நிற்கும். இரண்டு பக்கமும் இடிக்கிறது. ஆனால் அவரை அலைக்கழித்தது இது இல்லை என்பது அடுத்து அவர் சொன்னதில் தெரிந்தது.

"நாளைக்குக் கோர்ட்டுக்கு வர்றியாம்மா? பின்னால ஜனங்களோட ஒக்காந்து பாரு. அதுல எழுதியிருக்கறது நெசமா பொய்யான்னு எனக்குத் தெரியணும்."

என்னை ஏன் கேட்கிறீர்கள், வக்கீல்களைக் கேட்கலாமே என்றேன்.

"வக்கீலுங்க இல்லைங்கன்னுதான் சொல்லுவாங்க. குமாஸ்தாவும் அதேதான். என் மூஞ்சியப் பாத்து நெசத்தச் சொல்ற ஆளு வேணும்."

எனக்கு அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. மாமனாரைப் பற்றி மாமனாரிடமே சாட்சி சொல்ல ஒரு மருமகளைக் கூப்பிடுவார்களா? மாமியாரிடம் கோவிலுக்கு என்று சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

கோர்ட் ஹால் நான் நினைத்ததைவிடச் சின்னது. ஓட்டுக் கூரை, நடுவில் ஒரு மின்விசிறி. அது வக்கீல்கள் தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருந்தது. கூண்டுக்கோ எங்கள் பக்கத்துக்கோ காற்று வரவில்லை. வாசலில் பெயர் கூப்பிடுகிற டவாலிக்காரர் என்னை அடையாளம் கண்டு நாற்காலி தேடப் போனார். வேண்டாம் என்று கையசைத்துவிட்டுப் பின்வரிசைப் பெஞ்சில், புகையிலை மணத்தோடு இருந்த இரண்டு பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். மாமா கறுப்புக் கோட்டில் உயரமான மேடையில் இருந்தார். வீட்டில் பார்க்கிற மனிதர் இல்லை.

அன்றைக்கு ஒரு வண்டிப்பாதை வழக்கு. வயதான பெண்மணி ஒருவர் கூண்டில் நின்றார். வெள்ளைச் சேலை, கூண்டுக் கம்பியைப் பிடித்த கை முழுக்கக் காப்புக் காய்த்திருந்தது. தன் காட்டுக்குப் போகிற பாதையைப் பக்கத்துக் காட்டுக்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டார் என்பது அவர் வழக்கு. நன்றாகவே சொல்லிக்கொண்டு வந்தார். எந்த மரத்துக்கு வடக்கே பாதை, யார் காலத்தில் வண்டி ஓடியது, எந்த மழைக்கு மண் அரித்தது என்றெல்லாம். எதிர்த்தரப்பு வக்கீல் கேள்வி கேட்க ஆரம்பித்திருந்தார். அந்தம்மா ஒரு பதிலின் நடுவில் இருந்தபோது மாமா எழுந்தார்.

சட்டென்று ஹாலில் ஒரு அசைவு. பின்பெஞ்சில் பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள். நானும் எழப்போனேன். வக்கீல்கள் பழகியவர்கள், எழவில்லை. கூண்டில் இருந்த அந்தம்மா பேச்சை நிறுத்தினார். கம்பியிலிருந்து கையை எடுத்து மேடையைப் பார்த்துக் கும்பிட்டார். "சரிங்க சாமி" என்று சொல்லிவிட்டுக் கூண்டைவிட்டு இறங்க ஆரம்பித்தார். தன் வழக்கு முடிந்துவிட்டது, சாமி எழுந்துவிட்டார் என்று நினைத்துவிட்டார். டவாலிக்காரர் பிடித்து மறுபடி ஏற்றிவிட்டார். "எதுல வுட்டன்?" என்று அந்தம்மா அவரைக் கேட்டார். அவருக்கு எப்படித் தெரியும்?

அதற்கப்புறம்தான் என்னால் மறக்க முடியாதது நடந்தது. வக்கீல் கேட்டதற்கெல்லாம் அந்தம்மா "ஆமாங்க" என்றார். அது நடைபாதைதான், வண்டி ஓடியது கிடையாது, சரியா? ஆமாங்க. போன வருஷம்வரை நீங்கள் வேறு பக்கமாகத்தான் போய்வந்தீர்கள், சரியா? ஆமாங்க. கண் மட்டும் மேடையில் இருந்தது. அங்கே மாமா மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். வலி கூடும்போது அவர் அப்படித்தான் நிற்பார் என்று எனக்குத் தெரியும். கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. கோபத்தை அடக்கிக்கொண்டு நிற்கிற பெரிய உருவம்தான் தெரியும். கல்யாணப் பந்தலில் எனக்குத் தெரிந்ததும் அதுதானே.

சாயங்காலம் நடக்கும்போது மரவள்ளிக் காடு வருகிறவரை எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை மாமா, எல்லாம் சரியாகத்தான் இருந்தது என்று சொல்லிவிடலாம். வீட்டில் நிம்மதியாவது இருக்கும். அவர் நின்றார். கேட்கவில்லை, காத்திருந்தார்.

"அந்தம்மா பயந்துட்டாங்க மாமா."

"எப்ப?"

"நீங்க எந்திரிச்சப்ப. கேஸ் முடிஞ்சிபோச்சின்னு கீழ எறங்கிட்டாங்க. அப்பறம் நீங்க ஒக்கார்ற வரைக்கும் எதக் கேட்டாலும் ஆமாங்க, ஆமாங்கன்னுட்டாங்க. கேள்விய அவங்க காதுலயே வாங்கல. ஒங்களத்தான் பாத்துகிட்டு இருந்தாங்க."

அவர் ரோட்டோரக் கல்லில் கையை ஊன்றினார். அந்த "ஆமாங்க" எல்லாம் உட்கார்ந்ததும் அவர் தன் கையாலேயே எழுதிக்கொண்ட வாக்குமூலம். வேறு யாருக்கெல்லாம் இப்படி ஆயிற்றோ என்று முணுமுணுத்தார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. அப்புறம், "புகார்ல தப்பில்லம்மா" என்றார். திரும்பி வரும்போது பத்தடி அல்ல, ரொம்ப தூரம் முன்னால் போய்விட்டார். அந்தக் காலோடு அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை.

மேலிடத்துக்கு அவர் அனுப்பிய விளக்கம் இரண்டே வரி. புகாரில் சொல்லியிருப்பது உண்மை, இனி அவ்வாறு நடக்காது. காயம் என்ற வார்த்தையே அதில் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபித்தும் அந்தம்மாவை மறுபடி சாட்சிக் கூண்டுக்கு வரவழைத்தார். அன்றைக்கு அந்தம்மா பேசி முடிக்கிறவரை, அதன்பின் கோர்ட் கலைகிறவரை, நாற்காலியைவிட்டு எழவில்லையாம். மறுநாளும் எழவில்லை. அதற்கடுத்த நாளும்.

அந்த வாரங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு இருப்புக் கொள்ளாது. சாயங்காலம் வரும்போது முகம் வெளுத்து, உதட்டில் பல் பதிந்த தடம் இருக்கும். கோட்டைக் கழற்றுவதற்கு முன் கொல்லைக்குப் போய்விடுவார். துணி துவைக்கிற கல்லைச் சுற்றி நடப்பார், நடப்பார். மாமியார் வெந்நீர் போட்டுக் கொண்டுபோய் வைப்பார். ஆறிப்போகும். மறுபடி சூடாக்குவார். என்ன ஆயிற்று இவருக்கு என்று என்னைக் கேட்பார். எனக்குத் தெரியாது என்பேன். நான் வாயைத் திறந்து சொன்ன நாலு வார்த்தையால்தான் இது என்று எனக்குத் தெரியும். பொய் சொல்லியிருக்கலாமோ என்று ஒரு மனசு, சொன்னது சரி என்று ஒரு மனசு. வயிற்றில் குழந்தை புரள ஆரம்பித்திருந்த காலம். ராத்திரி படுத்தால் உள்ளே ஒரு அசைவு, வெளியே கொல்லையில் அந்த நடை.

மாவட்ட நீதிபதி வருஷாந்திர இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அன்று மத்தியானம், டவாலிக்காரர் சைக்கிளில் வாசலுக்கு வந்து நின்றார். ஐயா விழுந்துவிட்டார் என்றார். மத்தியான இடைவேளைக்கு எழுந்தவர், மரத்துப்போன கால் ஊன்றாமல், மேடைப் படியிலிருந்து எல்லார் முன்னாலும் சாய்ந்துவிட்டார். மாமியார் போட்டது போட்டபடி கிளம்பினார். நீ இரு என்று என்னிடம் சொன்னார். என்னால் இருக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

மாமாவை அவருடைய அறையில் நீளப் பெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள். நெற்றியில் லேசான சிராய்ப்பு. மாவட்ட நீதிபதி பக்கத்தில் நின்றிருந்தார். ஒல்லியான, வயதான மனிதர். எங்களைப் பார்த்ததும் மாமா எழ முயன்றார். மாவட்ட நீதிபதி தோளில் கை வைத்துப் படுக்க வைத்தார். காயத்தைப் பற்றி அதற்குள் பெஞ்சு கிளார்க் சொல்லியிருக்க வேண்டும். விளக்கத்தில் இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டார். எழுதினால் நான் லாயக்கில்லை என்று நானே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமே என்றார் மாமா, கூரையைப் பார்த்தபடி.

மாவட்ட நீதிபதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தேங்கிய வழக்குகளை இவ்வளவு தீர்த்த ஆளை லாயக்கில்லை என்று எழுத நான் வரவில்லை என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீங்க நிக்கறது பிரச்சினை இல்ல. ஏன் நிக்கறீங்கன்னு அந்த ஜனங்களுக்குத் தெரியல. அதைச் சொல்லிடுங்க, போதும்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. இவ்வளவுதானா என்று தோன்றியது. மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் நிம்மதி இல்லை. நாள் முழுக்க நாற்காலியில் கிடந்து வெந்த மனிதருக்கு, இது அதைவிடக் கஷ்டமான உத்தரவு என்று எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

இரண்டு நாள் ஓய்வுக்குப் பின் சாயங்கால நடையில் அவர் அதை ஒத்திகை பார்த்தார். "உடல்நிலை காரணமாக இந்த நீதிமன்றம் அவ்வப்போது எழுந்து நிற்க நேரிடும். சாட்சிகள் அது குறித்து அச்சம் கொள்ளத் தேவையில்லை." எப்படி இருக்கிறது என்று கேட்டார். நீதிமன்றம் எப்படி மாமா எந்திரிச்சி நிக்கும் என்று கேட்டேன். அவர் முறைத்தார். வீட்டில் பேசுகிற மாதிரி சொன்னால்தான் அவர்களுக்குப் புரியும் என்றேன். மரவள்ளிக் காட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, தொண்டையைச் செருமி, மறுபடி தொடங்கினார். "கால்ல" என்றார். நிறுத்தினார். நான் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றேன். எனக்குக் கேட்காத குரலில் செடிகளிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை நானும் போனேன். இந்தமுறை மாமியாரிடம் மறைக்கவில்லை. முதல் சாட்சி ஒரு பெரியவர், தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூண்டில் ஏறினார். சத்தியப் பிரமாணம் முடிந்தது. மாமா முன்னால் சாய்ந்தார்.

"பெரியவரே, நான் பட்டாளத்துல இருந்தவன். கால்ல அடிபட்டுருக்குது. ரொம்ப நேரம் ஒக்கார முடியாது. நடுவுல எந்திரிச்சி நிப்பன். ஒங்க மேல கோவம்னு நெனச்சிக்காதீங்க. நீங்க பாட்டுக்குச் சொல்லிகிட்டே இருங்க."

வக்கீல்கள் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். பெரியவர் கொஞ்சம் யோசித்தார்.

"அதுக்கென்னங்க சாமி, நில்லுங்க. நானும் நின்னுகிட்டுத்தான இருக்கறன்."

முதலில் சிரித்தது ஒரு இளம் வக்கீல். அப்புறம் எல்லாரும். மாமாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்தார். பெரியவர் கூண்டில் சாய்ந்து நின்றுகொண்டு தன் கிணற்றுப் பங்குத் தகராறைத் தொடர்ந்தார்.

அதிலிருந்து ஒவ்வொரு சாட்சிக்கும் அவர் இதைச் சொன்னார். ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்களோ அத்தனை தடவை. இரண்டு காட்டுக்காரர்கள் தகராறு, வாடகைத் தகராறு, பாகப்பிரிவினை, எதுவானாலும் முதலில் அவர் காலைப் பற்றிய பேச்சு. ஜனங்கள் சும்மா கேட்டுக்கொண்டு போகவில்லை. எந்த ஊர்ச் சண்டை சாமி என்றார்கள். குண்டா, கத்தியா என்றார்கள். அப்பொழுது பக்கத்தில் ஆள் யாரும் இல்லையா என்று ஒருத்தி கேட்டாளாம். பெஞ்சு கிளார்க் அதட்டினால், இருக்கட்டும் என்று மாமா ஒரு வார்த்தை இரண்டு வார்த்தை பதில் சொல்வாராம். மாரண்டஹள்ளிப் பக்கத்திலிருந்து உறவுக்காரனுக்காகச் சாட்சி சொல்ல வந்த ஒருவர், பாதி தமிழும் பாதி கன்னடமுமாக ஒரு எலும்பு வைத்தியரின் பெருமையைச் சொல்லி, இரண்டே கட்டுக் கட்டினால் சரியாகிவிடும் என்று வழக்கை மறந்து மன்றாடினார். இன்னொருவர் எண்ணெய்ப் புட்டியோடு வந்தார். வாங்கமாட்டேன் என்று சொல்லியும் அதைக் கோர்ட் காம்பவுண்டு சுவரின்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அது ரொம்ப நாள் அங்கேயே இருந்தது.

பெயரில்லாத அந்தப் புகாரை யார் எழுதினார்கள் என்று அவர் விசாரிக்கவில்லை. எனக்குத்தான் ஒவ்வொரு வக்கீல் முகமாகப் பார்க்கத் தோன்றும். வண்டிப்பாதை வழக்கில் அந்தம்மாவுக்குப் பாதி கிடைத்தது. ஆளும் மாடும் போய்வரலாம், வண்டிக்கு உரிமை நிரூபணமாகவில்லை என்று தீர்ப்பு. அந்தம்மாவுக்கு அதில் திருப்தி இல்லை என்றும், மேல்முறையீடு போனார் என்றும் கேள்விப்பட்டேன். அப்போது நான் பிரசவத்துக்கு ராசிபுரம் போயிருந்தேன்.

பின்னால் மாமா வேறு ஊர்களுக்கு மாற்றலாகி, சப் ஜட்ஜாகி ஓய்வுபெற்றார். முன்னாள் ராணுவத்தினர் கூட்டங்களில் சால்வை போட்டார்கள். வக்கீல்கள் பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். எல்லாவற்றிலும் அவர் மேடையில் நின்றபடிதான் இருந்தார், இன்ன காரணம் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டு. அவர் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. அவரைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு நினைவுக்கு வருவது அந்தச் சால்வைகள் இல்லை. ராசிபுரத்திலிருந்து கைக்குழந்தையோடு நான் அரூருக்குத் திரும்பி வந்த சமயத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை.

நான் வந்ததிலிருந்தே மாமியார் சரியாக இல்லை. பாத்திரங்களை ஓசைப்பட வைத்தார். மாமா கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் பதில் சொன்னார். என்ன அத்தை என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார். இரண்டு மூன்று நாள் கழித்து என்னிடம் கொட்டிவிட்டார். சந்தையில் கத்தரிக்காய் விற்கிற பெண், அவள் அண்ணனுக்குக் கோர்ட்டில் வழக்கு, மாமியாரிடம் கேட்டிருக்கிறாள்: ஐயாவுக்கு அடிபட்டபோது ராத்திரி பூராவும் பனியிலேயே கிடந்தாராமே, கூட ஒரு மலையாளத்துப் பையன் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தானாமே, விடிவதற்குள் அவன் போய்ச்சேர்ந்துவிட்டானாமே, அப்படியா?

"எனக்குத் தெரியாது கண்ணு" என்றார் மாமியார். "இத்தன வருசமா கால அமுக்கி வுடறன். பனின்னு ஒரு வார்த்த எங்கிட்ட சொன்னதில்ல. கத்தரிக்கா விக்கறவளுக்குத் தெரியுது."

அந்த வாரம் கணவர் ஓசூரிலிருந்து வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறையில் மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தேன். மாமா வழக்கம்போலத் தண்ணீர் குடிக்க வந்து கதவருகே நின்றார். மாமியார் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"கோர்ட்டுக்கு வந்து கூண்டுல ஏறினாத்தான் எங்கிட்டயும் சொல்லுவீங்களா? அப்படின்னா நானும் ஒரு கேஸ் போடறன்."

மாமா சொம்பைக் கீழே வைத்தார். நான் எதிர்பார்த்தது அவர் திரும்பிக் கொல்லைக்குப் போய்விடுவார் என்று. காலை அப்படித்தான் எடுத்தார். ஆனால் போகவில்லை. நிலைப்படியில் தோளைச் சாய்த்து, அடிபட்ட காலைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டார்.

"அந்தப் பையன் பேரு மொதல்ல சொல்லணும்" என்றார்.

மாமியாரின் கை கீரையில் நின்றது. நான் குழந்தைக்கு ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு வாசல்வழியே வெளியே வந்துவிட்டேன். அந்தப் பெயர் என் காதில் விழவில்லை.

பஸ் ஸ்டாண்டு வரை போனேன். திருவண்ணாமலை பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. பூக்காரி குழந்தையைப் பார்க்க வேண்டும் என்றாள், காட்டினேன். பஸ் கிளம்பிப் போயிற்று. வெயில் ஏறவே குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு திரும்பி நடந்தேன். வாசல்படியில் கால் வைத்தபோது உள்ளே மாமாவின் குரல் கேட்டது. தாழ்ந்து, விட்டு விட்டு. நடுவில் மாமியார் ஏதோ கேட்டார். மறுபடி அந்தக் குரல்.

பேச்சு முடியவில்லை. செருப்பைக் கழற்றாமல் மறுபடி தெருவில் இறங்கினேன்.